புதுப்பிப்பு: ஈட்டி எறியும் தம்பியின் தோள்பட்டை எலும்பு

போன மாதம் கேட்டிருந்தேன்: தம்பிக்கு வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு முதுகில் துருத்தித் தெரிகிறது, ஈட்டி எறியும்போது தோளின் முன்பக்கம் வலிக்கிறது, ஸ்கேன் எடுக்கலாமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

விளையாட்டு பிசியோவிடம் காட்டினோம். சட்டையைக் கழற்றி, சிறு எடையுடன் கையை மெதுவாகத் தூக்கி இறக்கச் சொன்னார். இறக்கும்போதுதான் எலும்பு அதிகம் துருத்தியது. அப்புறம் அவரே அந்த எலும்பை மேல்நோக்கிச் சுழல உதவிக்கொண்டு மறுபடி தூக்கச் சொன்னார். வலி சட்டென்று குறைந்தது. அப்படியென்றால் கோளாறு அந்த எலும்பு சுழலும் விதத்தில்தான், அதனால் ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாமாம்.

கையை முழுக்க உயர்த்தும் 180 டிகிரியில் ஏறத்தாழ 60 டிகிரி இந்த எலும்பு சுழல்வதால்தான் கிடைக்கிறது. அதைச் சுழற்றும் தசைகளான செரேட்டஸ் ஆன்டீரியரும் (விலாப்பக்கத் தசை) கீழ் டிரபீசியஸும் (முதுகுத் தசையின் கீழ்ப்பகுதி) இவனுக்குப் பலவீனம். நெஞ்சில் பெக்டோரலிஸ் மைனர் என்ற சிறு தசை இறுகிக் கிடக்கிறது. (நெஞ்சுக்கான எடைப் பயிற்சி பெஞ்ச் பிரஸ் மட்டும் ஒருநாளும் தவறாது.)

முழு வேக எறிதலை நிறுத்தியாயிற்று. சுவரில் புஷ்-அப், ரப்பர் பட்டை இழுப்பு, நெஞ்சுத் தசை நீட்டல் நடக்கிறது. வலி நன்றாகக் குறைந்துவிட்டது. துருத்தல் கொஞ்சம் இருக்கிறது. வலியே இல்லாத எறிவீரர்கள் பலருக்கும் அது உண்டு என்றார் பிசியோ. அடுத்த வாரம் நின்ற இடத்திலிருந்து மெதுவாக எறிய ஆரம்பிக்கிறான்.