1960களின் ஸ்டார் ட்ரெக் இன்றும் பார்க்கத் தக்கதா?

கேள்வி:
1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் என்னும் அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் 79 பகுதிகளையும் அண்மையில் பார்த்து முடித்தேன். போலிப் பாறைகளும் நீண்ட கைகலப்புகளும் அலுப்பூட்டினாலும், தர்க்கத்தையே நம்பும் ஸ்பாக்கும் உணர்ச்சிவசப்படும் மருத்துவர் மெக்காயும் வாதிடும் காட்சிகளில் என்னை மறந்தேன். பழைய அறிவியல் புனைவுத் தொடர்கள் காலத்தைத் தாங்குவதாகக் கருதுகிறீர்களா?

மறுமொழி 1:
சில பகுதிகள் தாங்குகின்றன. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான முகம் கொண்ட இருவர், எந்தப் பக்கம் எந்த நிறம் என்பதற்காகவே ஒருவரையொருவர் அழிக்கத் துடிக்கும் 1969ஆம் ஆண்டுப் பகுதி, தன் கருத்தைச் சற்று உரக்கவே சொல்கிறது. ஆயினும், அவர்களுடைய கோளில் எவருமே உயிருடன் இல்லை என்று தெரியவரும் இடம் இன்றும் என் நெஞ்சைப் பிசைகிறது.

மறுமொழி 2:
செலவுச் சுருக்கத்தை நான் குறையாகக் கொள்ளமாட்டேன்; வாரந்தோறும் விண்கலத்தைத் தரையிறக்கிக் காட்டப் பணம் போதாததால்தான், ஆட்களை நொடியில் இடம் மாற்றும் கருவியே தொடருக்குள் வந்தது. எனக்கு உறுத்துவது பெண் பாத்திரங்களின் நிலை. கறுப்பினப் பெண்ணான உஹூரா விண்கல அதிகாரியாக அமர்ந்திருந்ததே அன்று பெரும் முன்னேற்றம் என்றாலும், பல வாரங்களில் அவருக்குக் கிடைத்தவை ஓரிரு வரிகளே.

மறுமொழி 3:
ட்வைலைட் சோன் தொடரையும் பாருங்கள். மின்சாரம் நின்றதும் ஒரே தெருவினர் ஒருவரையொருவர் வேற்றுக்கோளினர் என ஐயுறும் 1960ஆம் ஆண்டுப் பகுதிக்கு ஒரு தெருவும் சில மனிதர்களுமே போதுமாக இருந்ததால், அதில் பழசாகிப்போக அதிகமாக எதுவும் இல்லை.