புதுப்பிப்பு: அரிக்கும் தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

அரிக்கும் தலைக்கு வெதுவெதுப்பான நீரும் வாசனை சேர்க்காத மென்மையான ஷாம்பூவும் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் எண்ணெய் விட்டுப்போனது.

வெறும் வறட்சி என்றால் குளிக்க அரைமணி முன் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் தடவலாம். செதில் மஞ்சளாக, பிசுபிசுவென்று நகத்தில் ஒட்டினால் அது பொடுகு. இரவு முழுக்க எண்ணெய் ஊறவே கூடாது. பொடுகைத் தூண்டும் மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி. பொடுகுக்கு 2% கீட்டோகோனசோல் (பூஞ்சையை ஒடுக்கும் மருந்து) ஷாம்பூவை, வகிடு பிரித்துத் தோலில் படும்படி தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசுங்கள். வாரம் இருமுறை, 4 வாரம் வரை. பலரும் போட்ட கையோடு அலசிவிடுகிறார்கள். மருந்து வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை.

சீயக்காய்த்தூளா? மெல்லிய துணியில் சலித்தது மட்டும். கொரகொரப்பு தோலைக் கீறிவிடும். நீர் கசிந்தாலோ, முடி கொத்தாக உதிர்ந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.