டீ கிளாஸோடு வரும் சிகரெட்டை எப்படி விடுவது?

மாலைநேரம்: வீட்டில் சிகரெட் நினைப்பே வராது. ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் விரல் தானாகப் பெட்டியைத் தேடுகிறது. நிக்கோட்டின் சூயிங்கம் போட்டுப் பார்த்தேன், விக்கல்தான் மிச்சம். வேறு வழி உண்டா?

பழைய_புகை: தம்பி, மிட்டாய் மாதிரி மென்று விழுங்கினால் விக்கல் வரத்தான் செய்யும். மெதுவாகக் கடியுங்கள், காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிடுங்கள். காரம் அடங்கினால் மறுபடி கடி. அரை மணி நேரம் ஓடும். டீ, காபி குடித்து 15 நிமிடமாவது போகட்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக ஏறாது. காலையில் எழுந்ததும் பற்றவைக்கிறவர்களுக்குத்தான் 4 மி.கி. நிக்கோட்டின் கம், உங்களுக்கு 2 மி.கி. போதும். அப்புறம், கொஞ்ச நாள் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். நான் டீயை விட்டு மோருக்கு மாறினேன். கடைக்காரருக்குத்தான் வருத்தம்.

நேர்வழி: மன உறுதி இருந்தால் போதும். கம் எல்லாம் வியாபாரம்.

பழைய_புகை: உறுதி கடை வாசல் வரைக்கும்தான் கூட வரும் சார். தம்பி, 1800-112-356, புகையிலையை விட உதவும் அரசு எண், கட்டணம் கிடையாது. கூப்பிட்டுப் பாருங்கள்.

மாலைநேரம்: சரிண்ணே. மோர் எந்தக் கடையில் கிடைக்கும் என்றுதான் இப்போது தேடுகிறேன்.