ஆயா வீட்டுப் பிள்ளைகள்

(குடும்ப வாட்ஸ்அப் குழு, வெள்ளிக்கிழமை)

7:02 ராணி அத்தை: (ரோஜாப்பூ படம், இனிய காலை வணக்கம்)

7:40 ராணி அத்தை: செல்வி, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வளையல் 12 டஜன் போதுமா? இன்றைக்கு வண்ணாரப்பேட்டை போகிறேன்.

8:16 செல்வி சித்தி: அண்ணி, வளையல் இருக்கட்டும். அவர் போட் நடுக்கடலில் நின்றுவிட்டதாம். இப்போதுதான் போன் வந்தது.

8:16 தினேஷ்: என்ன?

8:17 ராணி அத்தை: எங்கே??

8:18 செல்வி சித்தி: பட்டினப்பாக்கத்துக்கு நேர் கிழக்கே. 14 பாகம் தண்ணீர், கிட்டத்தட்ட 84 அடி ஆழம். ஜிபிஎஸ் 13 டிகிரி 01, 80 டிகிரி 22 என்றார். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டதாம். கேனுக்கு மூடி இல்லை.

8:19 தினேஷ்: ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். ஏன் போனார்?

8:19 செல்வி சித்தி: ஞாயிற்றுக்கிழமைக்கு வஞ்சிரம் வேண்டும் என்று யார் கேட்டது?

8:20 ராணி அத்தை: நான் சும்மா சொன்னேன். ஐஸ் மீன் ஆனாலும் பரவாயில்லை என்றும் சொன்னேன்.

8:21 திருவொற்றியூர் பெரியப்பா: யாரும் பதற வேண்டாம். துறைமுகத்தில் டக் போட்டில் (கப்பல் இழுக்கும் படகு) 31 வருடம் இருந்தவன் சொல்கிறேன். செல்வி, உடனே சேகருக்குப் போன் போடு. எஞ்சினைத் திரும்பத் திரும்ப இழுத்துக் கையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதல் வேலை நங்கூரம். அணியத்தில் கட்டிப் போடட்டும், எவ்வளவு கயிறு இருக்கிறதோ அவ்வளவும் விடட்டும். குறுக்கே நின்றால்தான் ஆபத்து, ஒரு பெரிய அலை போதும் கவிழ்க்க. நங்கூரம் பிடிக்கவில்லையென்றால் வலையைச் சுருட்டிக் கட்டி முன்னால் மிதக்கவிட்டாலும் போதும், அது பிடித்து இழுக்கும், படகு அலையைப் பார்த்து நிற்கும். வண்ணித் தண்ணி (தெற்கே போகும் நீரோட்டம்) ஓடுகிறது, சும்மா விட்டால் கோவளம் பக்கம் கொண்டுபோய்விடும்.

8:22 தினேஷ்: அணியம் என்றால்?

8:22 திருவொற்றியூர் பெரியப்பா: மூக்கு. படகுக்காரன் பேரன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

8:24 ராணி அத்தை: காவ்யாவுக்கு யாரும் சொல்லாதீர்கள். ஏழாம் மாதம்.

8:25 காவ்யா: அத்தை, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

8:25 ராணி அத்தை: ஐயோ

8:29 தினேஷ்: 1554 கடலோரக் காவல் படைக்குச் சொல்லிவிட்டேன். இடம், படகின் நிறம், எத்தனை பேர், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டார்கள். எத்தனை பேர் சித்தி?

8:29 செல்வி சித்தி: இவரும் பக்கத்து வீட்டுப் பையனும். இரண்டு.

8:30 தினேஷ்: ஜாக்கெட்?

8:31 செல்வி சித்தி: வீட்டில்தான் இருக்கிறது. ஒன்றை ஆயா தலைக்கு வைத்துத் தூங்குகிறது.

8:33 முருகன் மாமா: நான் போகிறேன்.

8:34 ராணி அத்தை: இரண்டு வருடமாக அவனோடு பேச்சே இல்லை என்றீர்களே

8:34 முருகன் மாமா: பேசப் போகவில்லை. இழுக்கப் போகிறேன்.

8:35 செல்வி சித்தி: அண்ணா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆயாவிடமிருந்து ஜாக்கெட்டை வாங்கி அனுப்புகிறேன்.

8:35 பாபு: நானும் அப்பாவோடு போகிறேன்.

8:47 திருவொற்றியூர் பெரியப்பா: மாப்பிள்ளை, கவனமாகப் படி. அலை இருக்கும்போது பக்கத்தில் போய் ஒட்டாதே, இரண்டு ஃபைபர் படகும் மோதிக்கொண்டால் இரண்டும் போகும். காற்றுக்கு மேலே, அது வருகிற பக்கத்தில் நின்று, வெற்றுக் கேனைக் கயிற்று முனையில் கட்டிவிடு. அதுவே மிதந்து அவனிடம் போகும். அவன் அணியத்தில் கட்டட்டும், வெறும் வளையத்தில் மட்டும் வேண்டாம், குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து. நீ உன் படகின் இரண்டு பக்கமும் கட்டி நடுவில் சேர்த்துக்கொள், ஒரே பக்கம் கட்டினால் உன்னைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கயிறு தொய்ந்து உன் எஞ்சின் விசிறியில் சுற்றினால் இரண்டு படகும் அனாதை. நீளம் முக்கியம். நீ ஒரு அலை முகட்டில் ஏறும்போது அவனும் ஒரு முகட்டில் ஏற வேண்டும். நீ ஏறி அவன் இறங்கினால் வெடுக்கென்று இழுத்து அறுந்துவிடும். நடுவில் ஏதாவது பாரம் கட்டித் தொங்கவிட்டால் அந்த வெடுக் குறையும். நைலான் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும், நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. கத்தி கையில் இருக்கட்டும். அவன் எஞ்சினைத் தூக்கிவிட்டு இருவரும் பின்னால் உட்காரட்டும், மூக்கு தண்ணீரில் குத்தாது. வேகம் வேண்டவே வேண்டாம்.

8:49 பாபு: பெரிய மாமா, அப்பா படகைத் தள்ளிவிட்டார். இதை யார் படிப்பது

8:49 திருவொற்றியூர் பெரியப்பா: நீ படித்துச் சொல்.

8:50 பாபு: சரி. கயிறு 25 பாகம்தான் இருக்கிறது.

8:52 திருவொற்றியூர் பெரியப்பா: போதாதே. என்னிடம் 40 பாகம் நீல நைலான் கயிறு இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகை லாரியில் ஏற்றிக் கோட்டூர்புரம் போனபோது சேகர் வாங்கிக்கொண்டு போனான். எத்தனையோ பேரை ஏற்றி வந்தான், அதை நான் மறுக்கவில்லை. கயிறு மட்டும் வரவில்லை.

8:53 ராணி அத்தை: ஆரம்பித்துவிட்டார்.

8:53 காவ்யா: பெரியப்பா, இப்போது இது தேவையா?

8:54 திருவொற்றியூர் பெரியப்பா: தகவலுக்காகச் சொன்னேன்.

9:20 ராணி அத்தை: நேராக நொச்சிக்குப்பம் கரைக்கே இழுத்து வந்துவிடலாமே, பக்கம்தானே?

9:22 திருவொற்றியூர் பெரியப்பா: கூடவே கூடாது. கரையோரம் அலை உடைகிற இடத்தில், பின்னால் வருகிற படகு முன்னால் போகிறவன் மேலேயே ஏறும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான்.

9:23 செல்வி சித்தி: காற்றை எதிர்த்து வடக்கே அவ்வளவு தூரமா?

9:23 திருவொற்றியூர் பெரியப்பா: மூன்று மணி நேரம் ஆகட்டும்.

9:24 தினேஷ்: மாமா அங்கே போய் முடிவு செய்யட்டும்.

9:58 பாபு: கிடைத்துவிட்டார்கள். நங்கூரம் பிடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் நிற்கிறது. சின்ன மாமா கையை ஆட்டுகிறார். அப்பா ஆட்டவில்லை.

9:58 செல்வி சித்தி: வேளாங்கண்ணி மாதாவே

9:59 ராணி அத்தை: மீன் ஏதாவது இருக்கிறதா?

9:59 காவ்யா: அத்தை!!

10:31 பாபு: கேனில் கட்டி விட்டோம், மிதந்து போய்ச் சேர்ந்தது. கட்டி இழுத்ததும் அறுந்துவிட்டது. ஒருவருக்கும் அடியில்லை. சின்ன மாமா அடித்தட்டிலிருந்து வேறு கயிறு எடுத்து வீசினார். இப்போது அதில்தான் இழுக்கிறோம். (படம்)

10:33 திருவொற்றியூர் பெரியப்பா: பாபு, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார். முனையில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறதா?

10:36 பாபு: இருக்கிறது

10:36 திருவொற்றியூர் பெரியப்பா: அது என் கயிறு.

10:37 தினேஷ்: பெரியப்பா

10:37 திருவொற்றியூர் பெரியப்பா: அந்த நூலை நானே சுற்றினேன். முனை பிரியாமல் இருக்க.

10:40 தினேஷ்: கிடைத்துவிட்டார்கள் என்று 1554-க்குத் திரும்பச் சொல்லிவிட்டேன். காசிமேட்டில் வந்து சேர்ந்ததும் மறுபடி சொல்லச் சொன்னார்கள்.

10:41 செல்வி சித்தி: அப்போது காசிமேடுதானா?

10:44 பாபு: அப்பா வடக்கே திருப்பியிருக்கிறார். கேட்டால் பதில் இல்லை.

11:15 ராணி அத்தை: (குரல் பதிவு 0:47)

11:16 காவ்யா: இது ஆயா குரல். தலையணை எப்போது வரும் என்று கேட்கிறது.

1:34 பாபு: துறைமுகத்துக்குள் வந்துவிட்டோம். வாயிலுக்குள் நுழைந்து அலை தணிந்ததும் கயிற்றைச் சுருக்கிப் பக்கத்தோடு கட்டிக் கொண்டுவந்தோம். பெரிய மாமா சொன்ன பாரம்கூடக் கட்டினோம், ஐஸ் பெட்டியில் கிடந்த எடைக்கல்.

1:35 செல்வி சித்தி: இருவரும் பேசினார்களா?

1:36 பாபு: வழி முழுக்க அப்பா ஒன்றே ஒன்றுதான் கத்தினார். "பின்னால் உட்கார்." கரையில் சின்ன மாமா டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா குடித்தார்.

1:50 சேகர் சித்தப்பா: எல்லோருக்கும் நன்றி. எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வஞ்சிரம் இல்லை, நான்கு கிலோ காரப்பொடிதான்.

1:51 திருவொற்றியூர் பெரியப்பா: தம்பி, நல்லபடியாக வந்தாய், சந்தோஷம். கயிறு?

1:55 சேகர் சித்தப்பா: அண்ணா, பாதிதான் இருக்கிறது. மீதி கோட்டூர்புரத்தில் ஒரு மாடிக் கம்பியில் கட்டியது, அவிழ்க்க நேரமில்லை.

1:58 முருகன் மாமா: அறுந்தது என் கயிறு. மண்ணெண்ணெய் 30 லிட்டர். அதை யார் பார்ப்பது?

1:59 செல்வி சித்தி: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வரத்தானே போகிறீர்கள், அண்ணா. அப்போது பேசிக்கொள்ளலாம்.

2:04 முருகன் மாமா: வருவதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

2:05 ராணி அத்தை: வருவார். செல்வி, நான் வண்ணாரப்பேட்டை கடையில் நிற்கிறேன். 12 டஜனா, 15 டஜனா?

2:05 காவ்யா: பச்சை அதிகம் எடுங்கள் அத்தை