பூம்புகாரில் இருந்து தலைக்காவிரி வரை காரில்: ஆறு நாள் போதுமா?

தாம்பரம் ஸ்டியரிங்:
வணக்கம். காவிரி கடலில் கலக்கிற இடத்தில் தொடங்கி, ஆற்றை ஒட்டியே மேலே ஏறி, தலைக்காவிரியில் முடிக்க ஒரு திட்டம். கிளப்பிவிட்டது நாலாவது படிக்கும் என் மகள். தை மாதம் மாயவரத்தில் ஒரு கல்யாணம், துலாக் கட்டத்தில் நின்றுகொண்டு "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது தாத்தா" என்றாள். குடகு என்றார் அப்பா. பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தப் பக்கம்தான், 71 வயதாகிறது, அவரும் குடகைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பிடுங்கி எடுக்கிறார்கள்.

நாலு பேர், பழைய ஸ்விஃப்ட், ஓட்டுவது நான் மட்டும். மே கடைசி வாரம், ஆறு நாள். பூம்புகார், கும்பகோணம், திருச்சி, ஈரோடு, மேட்டூர், ஒகேனக்கல், ஸ்ரீரங்கப்பட்டணம், மடிக்கேரி, தலைக்காவிரி, அப்புறம் மைசூர், பெங்களூர் வழியாக வீடு. அப்பாவுக்கு மூட்டு வலி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். எதை விடலாம், எங்கே தங்கலாம்? ஒகேனக்கல்லில் இருந்து கர்நாடகாவுக்குள் எப்படி நுழைவது என்றும் மேப்பைப் பார்த்தால் புரியவில்லை.

படித்துறை:
மே மாதமா? வேண்டாம் சகோ. மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவதுதான் வழக்கம். மகள் பார்த்தது தை மாதத் தண்ணி, மே கடைசியில் அதே கட்டத்தில் நின்றால் மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். சரி, தண்ணி வந்த பிறகு போகலாம் என்றால் அப்போது குடகில் அடைமழை. 2018இல் அங்கே மலை சரிந்தது நினைவிருக்கும், 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியிலேயே பிரம்மகிரி மலை சரிந்து அர்ச்சகர் வீடு மண்ணுக்குள் போனது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா பக்கம் புயல் பயம். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பொங்கலில் இருந்து ஜனவரி 28 வரை உள்ள நாட்கள்தான். சம்பா அறுப்புக்கு நிற்கும், ஆற்றில் தண்ணி இருக்கும், குடகில் காப்பிப் பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டிருப்பார்கள். பள்ளிக்கு நாலு நாள் லீவு சொன்னால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இன்னொன்று, பூம்புகாரைப் பற்றி மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் அக்கா பையனை அழைத்துப் போனபோது முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டு "இவ்ளோதானா மாமா" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை, அங்கே காவிரி ஒரு பெரிய வாய்க்கால் அகலம்தான். வெள்ளமெல்லாம் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு அணையிலேயே கொள்ளிடத்துக்குத் திரும்பிவிடும், பாக்கியை வயல் குடித்துவிடும், கடலுக்கு வருவது மிச்சம் மீதி. அன்று இரவு தரங்கம்பாடியில் தங்குங்கள், பக்கம்தான். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டைக்கு முன்னால் விடிகாலையில் அப்பா ஆற அமர நடக்கலாம்.

கும்பகோணத்தில் இருந்து தஞ்சாவூர் மெயின் ரோட்டைப் பிடிக்காதீர்கள். சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம் வழியாகத் திருவையாறு போங்கள், ஆறு கூடவே வரும். திருவையாற்றில் அசோகா அல்வா வாங்காமல் வந்தால் பாவம்: பாசிப்பருப்பு, நெய், சுடச்சுட, விரலில் ஒட்டினால் சோப்பு போட்டாலும் வழுக்கும். அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடந்தே பாருங்கள். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிற இடம், "தண்ணி எங்கே போகுது" என்ற அடுத்த கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

கொங்கு மேளம்:
திருச்சி தாண்டினால் எல்லோரும் குளித்தலை வழியாகக் கரூருக்கு மிதிப்பார்கள். நீங்கள் வடகரையில் முசிறி, தொட்டியம் வழியாக வாருங்கள், அகண்ட காவிரி என்று ஏன் பெயர் வந்தது என்பது அங்கேதான் விளங்கும். கொடுமுடியில் ஆறு தெற்கே வந்து கிழக்கே திரும்புவதை மேப்பில் மகளுக்குக் காட்டுங்கள். பவானி கூடுதுறையில் ஒரு மணி நேரம் போதும், குளிக்கிறேன் என்று உள்ளே இறங்க வேண்டாம், சுழல் இருக்கும்.

ஆனால் ஒகேனக்கல்லை வெட்டுங்கள். வண்டியைப் பரிசலில் ஏற்றியா அக்கரைக்குப் போவீர்கள்? 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையைப் பார்த்துவிட்டு, கொளத்தூர், பாலாறு சோதனைச்சாவடி, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் என்று போனால் நேராகச் சிவனசமுத்திரம் பக்கம் இறங்கலாம். காட்டு ரோடு, கொண்டை ஊசி வளைவு நிறைய, ஆனை இறங்கும், வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிட வேண்டும்.

மே மாதத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அணைத் தண்ணி நன்றாக இறங்கிவிட்டால் பண்ணவாடியில் முங்கிக் கிடக்கும் பழைய நந்தியும் சர்ச் கோபுரமும் வெளியே தலைகாட்டும். நான் பார்த்தபோது நந்தியின் கழுத்து வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. தையில் அந்தக் காட்சி கிடைக்காது.

தாம்பரம் ஸ்டியரிங்:
ஒகேனக்கல் கிடையாது என்றால் மகள் வண்டியிலேயே ஏற மாட்டாள். பரிசல் பைத்தியம்.

ரிட்டயர்டு ஏ.இ.:
தம்பி, அப்படியானால் மேட்டூரில் இரண்டு இரவு தங்குங்கள். நடுவில் ஒரு நாள் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல், பரிசல், மீன் வறுவல், மாலை திரும்பிவிடலாம். மறுநாள் மேலே கொங்கு மேளம் சொன்ன மலைப்பாதை. ஒகேனக்கல்லில் இருந்தே அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் போகவும் ரோடு உண்டு, ஆனால் சுற்று, உங்கள் அப்பாவின் முட்டி தாங்காது. லைஃப் ஜாக்கெட் போடாமல் பரிசலில் ஏறாதீர்கள், நீர்வரத்து கூடினால் பரிசலையே நிறுத்திவிடுவார்கள்.

ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலு. செய்தியில் தினமும் இத்தனை கன அடி என்று கேட்கிறோமே, அதை அளப்பது அங்கேதான். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி கர்நாடகாவில் இருந்து வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) அங்கே வந்து சேர வேண்டும். என் சர்வீஸில் பாதி இந்த எண்ணோடு போயிற்று. இதனாலேயே ஒரு எச்சரிக்கை: தண்ணீர்ப் பிரச்சினை சூடாக இருக்கும் வாரத்தில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு மண்டியா பக்கம் போக வேண்டாம், கிளம்புமுன் பந்த் உண்டா என்று பாருங்கள். மற்ற நாட்களில் எந்தத் தொல்லையும் இல்லை, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நான் கன்னடம் தெரியாமல் வழி கேட்டபோது ஒருவர் பைக்கில் முன்னால் போய்க் காட்டிவிட்டுப் போனார்.

அப்பா பெருமாள் பக்தரா? ரங்கநாதர் கோயில் உள்ள மூன்று ரங்கம் உண்டு, மூன்றும் காவிரித் தீவு: ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி ரங்கம், சிவனசமுத்திரம் மத்திய ரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்திய ரங்கம். நீங்கள் கடைசியில் இருந்து முதலுக்குப் போகிறீர்கள். சிவனசமுத்திர அருவியில் தையில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், 1902இலேயே அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பிய இடம் என்று சொல்லிக் காட்டுங்கள்.

குசால்நகரில் ஒரு இரவு, பக்கத்தில் பைலகுப்பே திபெத்தியர் கோயில். மறுநாள் பாகமண்டலா, அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஏறினால் தலைக்காவிரி. ஊற்று ஒரு சின்னத் தொட்டி, அவ்வளவுதான். பிரம்மகிரி உச்சிக்குப் படி ஏறுவதை அப்பா விட்டுவிடலாம். ஆறு நாளில் முடியாது, எட்டு போடுங்கள்.

தாம்பரம் ஸ்டியரிங்:
எல்லோருக்கும் நன்றி. பொங்கலுக்கு மாற்றியாயிற்று, எட்டு நாள். அப்பா இன்னும் வராத காலண்டரில் 28ஆம் தேதிக்கு வட்டம் போடக் காத்திருக்கிறார். ஒரே ஒரு சந்தேகம், கல்லணையில் நேரமாகிவிட்டால் முசிறி ரோட்டை இருட்டியபின் ஓட்டலாமா?

கொங்கு மேளம்:
வேண்டவே வேண்டாம். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் லைட் இருக்காது. திருச்சியில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.