கைதியைக் கொன்றால் பாலடினின் சக்தி போகணுமா?

போர்லூயி_கவசம்: ரோஸ்ஹில்லில் டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதைப் பாத்திரமா ஆடுற விளையாட்டு) மேசையில் எழுந்த கேள்வி: சரணடைந்த கோப்ளினை (குட்டி அரக்கன்) திருடன் பாத்திரம் குத்திக் கொல்கிறது, டிவோஷன் (நேர்மை, இரக்கம்) சபதம் எடுத்த பாலடின், அதாவது சபதத்தால் சக்தி பெறும் வீரன், சும்மா நிற்கிறான். சக்தியைப் பறிக்கணும் என்பது என் கட்சி. விளையாட்டின் பழைய 3.5 பதிப்பில் தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் வரம் எல்லாம் போச்சு. மீட்க அட்டோன்மென்ட் (பரிகார) மந்திரம் வேணும், அதைப் போடும் பூசாரிக்கு 500 அனுபவப் புள்ளி நஷ்டம்.

காத்ர்போர்ன்_பகடை: சும்மா நிற்பது 3.5லேயே தீச்செயல் கணக்கில் வராதே அண்ணே.

போர்லூயி_கவசம்: நெறியை மோசமா மீறினாலும் வீழ்ச்சிதான். அந்த வரியையும் படிங்க.

காத்ர்போர்ன்_பகடை: சரி, ஆனா இந்த மேசை ஆடுறது 2014 பதிப்பு விதி. வருந்துறவன் தன் மதத்துப் பூசாரிகிட்டயோ அதே சபதக்காரர்கிட்டயோ மன்னிப்புக் கேட்டு, இரவெல்லாம் விழித்து வழிபடலாம், இல்லேன்னா நோன்பு இருக்கலாம். துளியும் வருந்தாதவனுக்குத்தான் ஓத்பிரேக்கர் (சபதம் முறித்தவன்) என்ற வகை. நடு ஆட்டத்தில் பறிச்சா என்ன மிச்சம்? 5ஆம் நிலையில் லே ஆன் ஹேண்ட்ஸ் எனும் தொட்டுக் குணமாக்கும் சக்தியின் 25 புள்ளி போகும், ஸ்மைட் எனும் கூடுதல் அடி போகும். ஆடுறவர் போனை நோண்ட ஆரம்பிச்சுடுவார்.

போர்லூயி_கவசம்: இரக்கம் பிடிக்கலேன்னா வெஞ்சன்ஸ் (பழிவாங்கும்) சபதம் எடுத்திருக்கலாமே.

காத்ர்போர்ன்_பகடை: அதில்கூட இரக்கம் மறுக்கப்படுறது சபதம் போட்ட பகைவனுக்கு மட்டும்தான். சாதாரண கோப்ளின் பிழைக்கலாம்.

மோக்கா_மந்திரவாதி: ரெண்டு பேரும் தண்டனையிலேயே நிக்கிறீங்க. காவடிக்கு விரதம் இருக்கிறவருக்கு எதை விலக்கணும்னு முதல் நாளே தெரியும். பாலடினுக்குத்தான் யாரும் சொல்றதில்லை. முதல் அமர்விலேயே ஆடுறவர்கிட்ட எழுதி வாங்குங்க: கைதி, பொய், கூட்டாளி செய்யும் குற்றம், தவறான கட்டளை. எது எதை வெல்லும்னு வரிசையும் போடுங்க. பாத்ஃபைண்டர் 2 என்ற இன்னொரு விளையாட்டின் 2019 விதிநூலில் வரிசை விதியிலேயே இருந்துச்சு, அப்பாவியைக் காப்பது பொய் சொல்லாமைக்கு மேலே. அப்புறம், கத்தி இறங்குறதுக்கு முன்னாடி டி.எம். (ஆட்டத்தை நடத்துறவர்) பாலடினைப் பார்த்து, "இது உன் சபதத்துக்கு இடிக்கும், என்ன செய்றே?"ன்னு கேட்கணும். பாதிச் சண்டை வர்றதே திருடனுடைய வேகத்தில் பாலடினுக்கு முறையே கிடைக்காததால்தான். கைதி வாயைத் திறக்கணும்னாலும் சித்திரவதை எதுக்கு? 5ஆம் நிலை டிவோஷனுக்கு ஸோன் ஆஃப் ட்ரூத் மந்திரம் தானா வருது: 15 அடி ஆரம், 10 நிமிடம். கைதி பேசாம இருக்கலாம். மந்திரத்துக்குச் சிக்கினா பொய் மட்டும் சொல்ல முடியாது.

போர்லூயி_கவசம்: எழுதியாச்சு, எச்சரிச்சாச்சு, அப்பவும் நின்னா? ஒரு ராத்திரி விழிப்பு ரொம்ப மலிவு. மேசையில் அது ஒரு வாக்கியத்தில் முடிஞ்சுடும்.

மோக்கா_மந்திரவாதி: நீண்ட ஓய்வுக்கு 6 மணி நேரத் தூக்கம் வேணும். விழிச்சிருந்தா மந்திரம் போடும் ஸ்லாட்டும் திரும்பாது, லே ஆன் ஹேண்ட்ஸும் நிரம்பாது (தூக்கம் தேவைப்படாத எல்ஃப் இனம் என்றால் கணக்கே வேற). மறுநாள் குகைக்குள்ள மிச்சம் மீதியோட இறங்கட்டும், மலிவா இல்லையான்னு தெரியும்.