அறுபதா, எழுபத்தைந்தா? ஒருவரை எப்போது முதியவர் என்று சொல்வது?

வேம்பு:
எனக்கு வயது 61. போன வாரம் கண் பரிசோதனைக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். மகன் வண்டி ஓட்டி வந்ததோடு சரி, படிவம் நிரப்பியது, வரிசையில் நின்றது எல்லாம் நான்தான். உள்ளே இருந்த பெண் என் பிறந்த தேதியைப் பார்த்தார். படிவத்தின் மேல் மூலையில் பச்சை மையால் 'மு' என்று எழுதி வட்டம் போட்டார். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" எல்லாக் கேள்வியும் மகனிடம். நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவனுக்குத் தெரியாது. நான்தான் பதில் சொன்னேன். அதை எழுதிக்கொண்டு, அடுத்த கேள்வியை மறுபடியும் அவனிடமே கேட்டார்.

'மு' என்றால் முதியவராம், பிறகு விசாரித்தபோது சொன்னார்கள். 59 வயதில் இதே இடத்துக்குத் தனியாகப் போயிருக்கிறேன். அப்போது என்னோடுதான் பேசினார்கள். இந்த இரண்டு வருடத்தில் மாறியது எண் மட்டும்தான்.

இந்த 60ஐ யார் வைத்தது? உங்கள் கணக்கில் ஒருவர் எந்த வயதில் முதியவர் ஆகிறார்? காரணத்தோடு சொல்லுங்கள்.

ஏணிப்படி:
75. அதற்குக் கீழே யாரையும் அந்தப் பட்டியலில் போடக்கூடாது. ஜப்பானில் 65 தாண்டினால் முதியவர் என்பதுதான் நடைமுறை. 2017இல் அங்குள்ள முதுமை ஆய்வாளர்கள், முதியோர் மருத்துவர்கள் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து அதை மாற்றச் சொன்னார்கள். 65 முதல் 74 வரை முதுமைக்கு முந்தைய கட்டம், 75இலிருந்துதான் முதுமை என்பது அவர்கள் பரிந்துரை. இது வெறும் ஆசையில் சொன்னது இல்லை. நடை வேகம் போன்றவற்றை அளந்து பார்த்ததில், பத்து இருபது வருடத்துக்கு முன்பு அதே வயதில் இருந்தவர்களைவிட இப்போது இருப்பவர்கள் 5 முதல் 10 வயது இளமையாக இருந்தார்கள்.

60, 65 எல்லாம் பிஸ்மார்க் ஜெர்மனியின் தலைமை அமைச்சராக இருந்த காலத்தில் ஓய்வூதியத்துக்காகப் போட்ட கோடு. 65 என்று அவர் வைத்தபோது அந்த வயதை எட்டியவர்களே குறைவு. உலகின் சராசரி ஆயுள் 70ஐத் தாண்டிவிட்ட பிறகும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

கணக்குப்பிள்ளை:
ஒரு திருத்தம். பிஸ்மார்க் 1889இல் கொண்டுவந்த சட்டத்தில் ஓய்வூதிய வயது 70. அதை 65 ஆகக் குறைத்தது 1916இல். அப்போது அவர் இறந்து 18 வருடம் ஆகியிருந்தது. அமெரிக்கா 1935இல் 65 என்று வைத்தது. ஐ.நா. பெரும்பாலும் 60ஐ எடுத்துக்கொள்கிறது. இதில் எதுவும் மனித உடம்பை மட்டும் பார்த்துப் போட்ட கோடு இல்லை, கஜானாவையும் பார்த்துப் போட்டது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கோடு வேண்டும், அதுவும் 60லேயே வேண்டும்.

நான் ஓய்வூதியப் பிரிவில் 30 வருடம் வேலை பார்த்தவன். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத ஒருவர் ஒருமுறை வந்தார். வாழ்நாள் முழுக்க மூட்டை சுமந்தவர். வாசலில் அவர் நடந்து வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நன்றாகத்தான் நடந்தார். என் மேஜை முன்னால் வந்ததும் முதுகை வளைத்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு நின்றார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவும் பயந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தால் திடமாக இருக்கிறான் என்று எழுதிவிடுவோமோ என்ற பயம். அந்த மனிதரிடம் ஒரு பிறப்புச் சான்று இருந்திருந்தால் அந்த நடிப்புக்கு அவசியமே வந்திருக்காது.

எண்ணை எடுத்துவிட்டால் எல்லாரும் ஓர் அதிகாரி முன்னால் தங்கள் தளர்ச்சியை நிரூபித்தாக வேண்டும். பிறந்த தேதி யாரையும் கூனச் சொல்லாது.

அப்புறம், கோட்டை 75க்குத் தள்ளினால் யாருக்கு நஷ்டம்? உட்கார்ந்து வேலை செய்தவர் 75ஐ எட்டிவிடுவார். மூட்டை தூக்கியவர்?

மூன்று மீட்டர்:
நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் இரண்டு பேரும் காலண்டரைப் பார்க்கிறீர்கள், நான் நாற்காலியைப் பார்ப்பேன்.

எங்கள் துறையில் 1991 முதல் ஒரு சோதனை இருக்கிறது. கை வைத்த நாற்காலி ஒன்று, தரையில் மூன்று மீட்டர் தள்ளி ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழுகிற அபாயம் இருக்கிறது என்று கவனமாக இருப்போம். நடையைவிட எனக்கு முக்கியம் எழுந்திருக்கும் அந்த நொடி. கை நாற்காலியை அழுத்துகிறதா, முதல் முயற்சியிலேயே எழுகிறாரா, எழுந்ததும் ஒரு கணம் தடுமாறி நிற்கிறாரா? அப்புறம் திரும்பும் இடம். சிலர் இரண்டு அடியில் திரும்பிவிடுவார்கள். சிலர் சின்னச் சின்னதாக ஏழு எட்டு அடி வைத்து, சுவரைத் தேடிக்கொண்டு திரும்புவார்கள்.

போன மாதம் 79 வயது அம்மா ஒருவர் 9 வினாடியில் முடித்தார். அன்றே 58 வயதுக்காரர் ஒருவருக்கு 17 வினாடி ஆனது. காய்ச்சலில் மூன்று வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தவர். முப்பதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறையும், அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. படுக்கை அதைச் சில நாளிலேயே செய்துவிடும். இந்த இரண்டு பேரில் யாருக்கு 'மு' போடுவீர்கள்?

2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளம் சொன்னார்கள்: காரணமில்லாமல் எடை குறைவது, ஓயாத களைப்பு, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, உடலசைவு குறைவது. இவற்றில் மூன்று இருந்தால் ஒருவர் தளர்ந்துவிட்டார் என்று பொருள். ஐந்தில் எதுவும் பிறந்த வருடம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
சிகிச்சைக்கு உங்கள் நாற்காலி சரி. சட்டத்துக்கு? நாட்டில் உள்ள ஒவ்வொருவரையும் மூன்று மீட்டர் நடக்கவிட்டுப் பார்க்க ஆள் எங்கே? நான் சொன்ன மனிதர் உங்கள் கோட்டிலும் மெதுவாகத்தான் நடந்து காட்டுவார்.

மூன்று மீட்டர்:
அது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏணிப்படி:
நடுவில் ஒரு வழி இருக்கிறது. கழிந்த வருடத்தை எண்ணுவதற்குப் பதிலாக மீதி வருடத்தை எண்ணலாம். மக்கள்தொகை ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள்: சராசரியாக இன்னும் 15 வருடம்தான் வாழ்வார்கள் என்ற வயது வந்தால் அதுவே முதுமையின் தொடக்கம். ஆயுள் கூடக்கூட கோடு தானே நகரும். யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். முத்திரை குத்துவதே உடம்பைக் கெடுக்கிறது. 2002இல் வந்த ஓர் ஆய்வு, 50 தாண்டிய 660 பேரை 23 வருடம் பின்தொடர்ந்தது. தங்கள் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை வருடம் அதிகம் வாழ்ந்தார்கள். வேம்பு அம்மாவின் படிவத்தில் 'மு' போட்ட பெண் ஒன்றும் சும்மா கிறுக்கிவிடவில்லை. என்னைக் கேட்டால், ஒருவர் தன்னை என்ன வயதாக உணர்கிறாரோ அதற்கும் மதிப்பு உண்டு.

கணக்குப்பிள்ளை:
உணர்வை வயதாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று நெதர்லாந்தில் வழக்கே நடந்தது. 2018இல் 69 வயதுக்காரர் ஒருவர் தன் வயதை 20 வருடம் குறைத்துப் பதியச் சொன்னார். நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஓட்டு, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ உரிமையும் கடமையும் வயதோடு கட்டப்பட்டிருக்கின்றன என்றது. அந்தத் தீர்ப்பு சரி என்பேன்.

மீதி 15 வருடம் என்கிறீர்கள். யாருடைய சராசரி? மறுபடியும் மூட்டை தூக்கியவருக்கும் உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரே சராசரி போட்டுவிட்டீர்கள்.

பேரன்:
எனக்கு 27. தாத்தாவோடு இருக்கிறேன். 75 என்று சொல்பவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

தாத்தாவுக்கு அப்போது 73. இரவில் மூன்று தடவை எழுவார். குளியலறைச் சுவரில் பிடிக்கக் கம்பி போடலாம் என்றேன். "அதெல்லாம் கிழவங்களுக்குடா" என்றார். கைத்தடி வாங்கி வந்தேன். கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு, விருந்தாளி வந்தால் அதன்மேல் துண்டைப் போட்டு மறைப்பார். ஒரு விடியற்காலையில் சத்தம் கேட்டு ஓடினேன். ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வாளியின் பிடி அவர் கையில் இருந்தது, வேறு பிடிக்க எதுவும் இல்லை. இடுப்பு எலும்பு முறிவு. வலியைச் சொல்லவில்லை, "யாரையும் கூப்பிடாதே" என்றுதான் முதலில் சொன்னார்.

முதியவர் என்ற சொல்லுக்கு அவர் அவ்வளவு பயந்தார். அந்தச் சொல்லை இன்னும் தள்ளித் தள்ளி வைத்தால் எல்லாரும் இப்படித்தான் கம்பி வேண்டாம் என்பார்கள். ஜெர்மனியில் 14,000 பேரிடம் பல வருடம் கேட்டு வந்த ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. 64 வயதில் கேட்டால் முதுமை ஏறக்குறைய 75இல் தொடங்குகிறது என்கிறார்கள். 74 வயதில் கேட்டால் 77 என்கிறார்கள். கோடு கிட்டே வரவர நாம்தான் அதை நகர்த்துகிறோம். தாத்தாவும் அதையேதான் செய்தார்.

ஏணிப்படி:
தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. தாத்தா இப்போது எப்படி இருக்கிறார்? ஆனால் அவர் பயந்தது ஏன் என்று யோசியுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மற்றவர்கள் எப்படி நடத்துவார்கள் என்று அவருக்குத் தெரியும். வேம்பு அம்மாவுக்கு நடந்தது அதுதானே.

பேரன்:
வாக்கர் வைத்து நடக்கிறார். கம்பியும் போட்டாயிற்று.

பழைய சைக்கிள்:
எனக்கு 78. ஏணிப்படி, உங்கள் கணக்கில் நான் முதியவனாகி மூன்று வருடம்தான். கணக்குப்பிள்ளை கணக்கில் 18 வருடம். எதுவாக இருந்தாலும் நான் முதியவன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. என்னைச் சாக்காக வைத்துக் கோட்டைத் தள்ளுவதுதான் வருத்தமாக இருக்கிறது. 65 வயதுக்காரருக்கு மரியாதை தருவதற்காக 78 வயதுக்காரரை அந்தப் பக்கம் நிறுத்துகிறீர்கள். நடத்தை மாறவில்லை என்றால் 75இலும் அதே 'மு'தான், அதே வட்டம்தான். அப்போது என்னிடம் பேச மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிழவன் என்ற சொல்லையே பாருங்கள். பழைய தமிழில் அதற்கு உரியவன், தலைவன் என்று பொருள். கிழமை என்றால் உரிமை. நிலக்கிழார் என்கிறோமே, அதே வேர். உரியவனைக் குறித்த சொல், உரிமை எதுவும் இல்லாதவனைத் திட்டுகிற சொல்லாக வந்து நிற்கிறது. பெண்களுக்குப் பேதை முதல் ஏழு பருவம் வகுத்தார்கள். கடைசிப் பருவத்தின் பெயர் பேரிளம்பெண். அது 40 வயதோடு முடிகிறது, அதற்குமேல் பெயரே வைக்கவில்லை. வேம்பு அம்மாவின் வயதுக்கு ஒரு நல்ல சொல் இல்லாமல் போனதும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

வேம்பு:
ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். எனக்கு 75 என்ற பதில் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். 14 வருடம் தப்பித்தேன் என்று இருந்தது. தப்பிப்பது என்று நினைத்ததே தவறு, இப்போது தெரிகிறது. என் அம்மாவுக்கு 84. அவரை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது நானும்தான் அவருக்குப் பதிலாகப் பேசியிருக்கிறேன். ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை.

60 என்ற எண் இருக்கட்டும், கணக்குப்பிள்ளை சொன்ன மனிதருக்காக இருக்கட்டும். படிவத்தில் அது இருக்கலாம். என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதை அது முடிவு செய்யக்கூடாது.

மூன்று மீட்டர்:
வேம்பு அம்மா, எங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். வரிசை நீளமாக இருக்கும். பக்கத்தில் இளவயதுக்காரர் நின்றால் பதில் சீக்கிரம் வரும் என்று நாங்களே முடிவு செய்துவிடுவோம். எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். காது சரியாகக் கேட்காத ஒருவருக்கு மகளிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுவதை அந்த மகள் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. நல்லவேளையாக அந்தப் பெரியவரே சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து முதல் கேள்வி எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான்.

ஏணிப்படி:
நான் இன்னும் 75தான் சொல்வேன். 61 வயதில் ஒருவரை அந்த வரிசையில் நிறுத்துவது அநியாயம். ஆனால் சைக்கிள் ஐயா சொன்னதை நான் யோசிக்கவே இல்லை, அது உண்மை. கணக்குப்பிள்ளை, உடல் உழைப்பு செய்தவர்களுக்கு மட்டும் ஓய்வூதியத்தை 60இலேயே வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தள்ளினால் ஒப்புக்கொள்வீர்களா?

கணக்குப்பிள்ளை:
மூட்டை தூக்கினேன் என்பதற்கு அவர் எந்தச் சான்றைக் கொண்டுவருவார்? அதற்கும் ஒரு மேஜை முன்னால் நிற்க வேண்டும். அதை நீங்கள் தீர்த்துக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய சைக்கிள்:
மூன்று மீட்டர், உங்கள் சோதனையைச் செய்து பார்த்தேன். நாற்காலி போட்டு, டேப்பால் அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தேன். போனில் நேரம் பார்த்தேன். முதல் தடவை 14 வினாடி. இரண்டாவது 13. திரும்பும் இடத்தில்தான் தாமதம், நீங்கள் சொன்ன அதே சின்னச் சின்ன அடி. இதற்கு என்ன பயிற்சி?

மூன்று மீட்டர்:
ஐயா, முதலில் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரைக்கும், உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். ஐந்து தடவை போதும். முடியாவிட்டால் ஊன்றிக்கொள்ளலாம்.

பேரன்:
ஐயா, தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்தில் யாராவது இருக்கும்போது செய்யுங்கள்.

பழைய சைக்கிள்:
சரி தம்பி. சாயங்காலம் பேத்தி வருவாள், அவளிடம் நேரம் பார்க்கச் சொல்கிறேன்.